ஓசிடிக்கு டிஎம்எஸ் சிகிச்சை: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் தம்பிக்கு ஓசிடி வந்து பதினோரு வருடம் ஆகிறது. விடாமல் துரத்தும் எண்ணங்களும், அவற்றை அடக்கச் செய்யும் சடங்குகளுமாக வரும் மனநோய் அது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஆரம்பித்தது. பிறகு கை கழுவுவதும் சேர்ந்துகொண்டது. ஒரு தடவை கழுவ 40 நிமிடம், சோப்பு மாதத்துக்கு ஒரு டஜன். மாத்திரைகள் பாதி வேலை செய்தன. மீதிப் பாதிக்கு வழி தேடித்தான் டிஎம்எஸ் என்கிற காந்தத் தூண்டல் சிகிச்சைக்குப் போனோம். மதுரையில் ஒரு கிளினிக்கில் தொடங்கி, ஆறாவது நாளே நிறுத்தி, கட்டிய 25,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தோம். அப்புறம் சென்னையில் ஆறு வாரம் தங்கி முழுதாக முடித்தோம். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு அலைந்த அக்கா.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். "மண்டைக்குள்ள கரண்டு வைக்கப் போறாங்களாடி?" என்று அம்மா அழுதார். அது ஈசிடி என்கிற மின்சார சிகிச்சை, இது வேறு. இதில் மயக்க மருந்து இல்லை, வலிப்பை வரவழைப்பது இல்லை. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார்கள், தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். அதிலிருந்து வரும் காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து மூளையின் ஒரு சிறு பகுதியைத் தூண்டும். முடிந்ததும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். தம்பி முதல் நாளே கீழே இறங்கிப் பரோட்டா சாப்பிட்டான்.

1. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்களா என்று பாருங்கள்

ஓசிடிக்கு முதலில் கொடுக்க வேண்டியவை எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையும் இஆர்பி என்ற பயிற்சியும்தான். இவை இரண்டும் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்காமலே டிஎம்எஸ்ஸுக்குச் சேர்த்துக்கொள்ளும் இடம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாத்திரை 'ஒழுங்காக' என்றால் அளவும் காலமும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், 8 முதல் 12 வாரம் வரை பார்க்க வேண்டும். ஃப்ளுவாக்ஸெட்டின் 20 மில்லிகிராமை ஒன்றரை மாதம் சாப்பிட்டுவிட்டு "கேட்கலை" என்று விட்டது கணக்கில் வராது. அதே மாத்திரை ஓசிடிக்கு 60 வரை போவதுண்டு. இப்படிக் குறைந்தது இரண்டு மாத்திரைகளை முழு அளவில் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். ஓசிடிக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான குளோமிப்ரமின் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இஆர்பி விஷயத்தில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். "கவுன்சிலிங் எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம் டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். சென்னை டாக்டர் தம்பியைப் பார்த்துக் கேட்டார். "எதையாவது தொடச் சொன்னாங்களா? தொட்டுட்டுக் கழுவாம உக்காரச் சொன்னாங்களா?" இல்லை, பேசினோம், மூச்சுப் பயிற்சி செய்தோம். "அப்ப அது இஆர்பி இல்லம்மா" என்றார். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, செய்யத் துடிக்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான் இஆர்பி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் நேரடியாகவே கேளுங்கள், "ஓசிடிக்கு இஆர்பி செய்வீர்களா" என்று. "எல்லாத்துக்கும் தெரபி பண்ணுவோம்" என்பது பதில் ஆகாது.

நோயின் கடுமையை ஒய்-பாக்ஸ் என்ற கேள்வித்தாளில் அளப்பார்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் 31 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. தம்பிக்கு 31 வந்தது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

2. யாருக்கு இது ஆகாது

தலைக்குள்ளோ தலையை ஒட்டியோ காந்தத்தால் பாதிக்கப்படும் உலோகம் இருந்தால் ஆகாது: காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாய்க்குப் போட்ட கிளிப், உள்ளே தங்கிய உலோகத் துகள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் அடைப்புக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், சிறு வயதில் காய்ச்சலோடு வந்ததாக இருந்தாலும், மறைக்காதீர்கள். இந்தச் சிகிச்சையில் பயப்பட வேண்டிய பக்கவிளைவு வலிப்புதான். ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வாய்ப்பைக் கூட்டும் விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன: தூக்கமின்மை, குடி, குடியைத் திடீரென்று நிறுத்துவது, சில மாத்திரைகள். குளோமிப்ரமினும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பூப்ரோப்பியானும் அந்தப் பட்டியலில் வரும். குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போவது இன்னும் ஆபத்து. எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

3. கோப்பு தயார் செய்யுங்கள்

ஒரு வாரம் ஒதுக்குங்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

பதினோரு வருடச் சீட்டுகளைக் கட்டாகக் கொடுத்தால் எந்த டாக்டரும் படிக்க மாட்டார். ஒரு பக்கத்தில் அட்டவணை போடுங்கள்: மாத்திரையின் பெயர், அதிகபட்சம் எவ்வளவு சாப்பிட்டது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு பலன், ஏன் நிறுத்தினோம். பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயரை எழுதுங்கள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். தம்பிக்கு மூன்று டாக்டர்கள் மூன்று பிராண்டில் கொடுத்திருந்தது ஒரே எஸ்சிட்டலோபிராம் என்பது இந்த அட்டவணை போட்டபோதுதான் தெரிந்தது. நாங்கள் 'மூன்று மாத்திரை பார்த்தாச்சு' என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பின்னால் சீட்டுகளின் நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அது, பழைய ஒய்-பாக்ஸ் தாள், ஏற்கனவே எடுத்த எம்ஆர்ஐ, இஇஜி அறிக்கைகள். புதிதாக எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எல்லோருக்கும் அது தேவைப்படாது, தேவையென்றால் அவர்களே எழுதித் தருவார்கள். சிகிச்சை எடுப்பவரின் ஆதார் நகலும் கூட வருபவரின் ஆதார் நகலும் இரண்டிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், தங்கும் இடத்துக்கும் வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் இதுதான்: முன்பு பார்த்த ஒரு மருத்துவமனை சிகிச்சைச் சுருக்கம் தர மறுத்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. கவனியுங்கள், நோயாளிக்கு. நான் போய் நின்றபோது "நீங்க யாரு?" என்று திருப்பி அனுப்பினார்கள். தம்பி கையெழுத்திட்ட கடிதத்தோடு, அவனையும் கூட்டிக்கொண்டு போனபோது நாலு நாளில் கிடைத்தது. முதலிலேயே அப்படிப் போங்கள்.

4. போன் போட்டுக் கேட்க வேண்டியவை

பணமும் மாதங்களும் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். நான் மதுரையில் கேட்ட ஒரே கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பது. கேட்டிருக்க வேண்டியது, "சுருளைத் தலையில் எந்த இடத்தில் வைப்பீர்கள்?"

டிஎம்எஸ் கருவி வைத்திருக்கும் பல இடங்களில் பெரும்பாலான நோயாளிகள் மனச்சோர்வுக்காக வருபவர்கள். மனச்சோர்வுக்கு நெற்றியின் இடது மேல்பக்கம் வைத்து வேகமான துடிப்பு கொடுப்பார்கள். ஓசிடிக்கு அதிகம் ஆராயப்பட்ட இடங்கள் வேறு. ஒன்று, உச்சந்தலைக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் இருக்கும் எஸ்எம்ஏ என்ற பகுதி. இங்கே மெதுவாக, வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுப்பது வழக்கம். இன்னொன்று, நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஆழமாக இருக்கும் பகுதி. இதற்கு எச்7 என்ற தனிச் சுருள் வேண்டும், 'டீப் டிஎம்எஸ்' என்பார்கள். மதுரையில் தம்பிக்கு நடந்தது இடதுபக்க மனச்சோர்வு முறை. அவனுக்கு மனச்சோர்வும் சேர்ந்து இருந்திருந்தால்கூட அதில் ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், சத்தத்தால். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அந்தச் சத்தம் நாலு வினாடி, பிறகு அரை நிமிடம் போல அமைதி, மறுபடி நாலு வினாடி. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மனச்சோர்வுக்காகத் தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். "எங்க வீட்டம்மாவுக்கும் இதே சத்தம்தான்" என்றார். அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் சத்தமே வேறு: டக்... டக்... டக்... சுவர்க் கடிகாரம் போல, இருபது நிமிடம் ஒரே சீராக. 1,200 துடிப்பு. சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், டீப் டிஎம்எஸ்ஸிலும் வேகமான துடிப்புதான். எந்த இடம், வினாடிக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, இந்த மூன்றையும் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"எஃப்டிஏ அப்ரூவ்டு மெஷின்" என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2018 ஆகஸ்டில் ஓசிடிக்கு அனுமதித்தது அந்த எச்7 சுருளோடு கூடிய கருவியை, அதுவும் மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து, பெரியவர்களுக்கு. பிறகு வேறு சில கருவிகளும் அனுமதி வாங்கின. மனச்சோர்வுக்கு அனுமதி வாங்கிய கருவியைக் காட்டி ஓசிடிக்கும் அதே என்று சொன்னால், "எதுக்கு அப்ரூவ்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இன்னும் மூன்று கேள்விகள். ஓசிடிக்காக இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சிகிச்சை நடக்கும்போது டாக்டர் கட்டடத்தில் இருப்பாரா, வலிப்பு வந்தால் கவனிக்க ஏற்பாடு என்ன? ஒய்-பாக்ஸ் எப்போதெல்லாம் எடுப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் "அது என்னங்க?" என்று வந்தால் போனை வைத்துவிடலாம்.

பெங்களூரு போக முடிந்தவர்கள் நிம்ஹான்ஸையும் கணக்கில் வையுங்கள். அரசு நிறுவனம், ஓசிடிக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல் எடுத்துப் போங்கள், சலுகை கேட்க உதவும். எந்த நிறுவனத்திலாவது ஆய்வில் சேர்ந்தால் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாம், ஆனால் ஆய்வில் சிலருக்குப் போலிச் சுருள் வைப்பார்கள். சத்தம் வரும், தூண்டல் இருக்காது. இது ஏமாற்று இல்லை, ஆய்வின் முறை. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழும். சம்மதப் படிவத்தில் அது எழுதியிருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. பணம்

நான் விசாரித்த தனியார் இடங்களில் ஒரு சிட்டிங்குக்கு 1,500 முதல் 4,000 வரை சொன்னார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 சிட்டிங் என்பது பொதுவான கணக்கு. எங்களுக்குச் சென்னையில் ஆனது இது: சிட்டிங் 2,200 வீதம் 66,000, முதல் ஆலோசனையும் மதிப்பீடும் 2,500, ஒற்றை அறை வாடகை ஒன்றரை மாதத்துக்கு 18,000, சாப்பாடு, ஆட்டோ, இதரம் சுமார் 12,600. ஆக 99,100. மருந்துச் செலவு தனி. நான் ஆறு வாரம் வேலைக்குப் போகாத சம்பளம் இன்னும் தனி, அதைக் கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பேக்கேஜில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மதுரையில் 30 சிட்டிங் 60,000 என்று பேசி, 25,000 அட்வான்ஸ் கட்டினோம். ஆறு சிட்டிங்குக்கு 12,000 போனாலும் 13,000 திரும்ப வர வேண்டும். "பேக்கேஜ்ல ரீஃபண்ட் இல்ல மேடம்" என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. வாரா வாரம் கட்டுகிறேன் என்று கேளுங்கள். சென்னையில் கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். தள்ளுபடி கிடைக்காது, பரவாயில்லை.

மதிப்பீட்டுக் கட்டணம் சிட்டிங் கட்டணத்தில் சேர்ந்ததா, நடுவில் டாக்டரைப் பார்த்தால் தனி ஃபீஸா, ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பணம் போய்விடுமா, இதையெல்லாம் முதல் நாளே கேளுங்கள்.

6. இன்சூரன்ஸ்: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. அதை நம்பித்தான் நானும் விண்ணப்பித்தேன். நிராகரித்தார்கள். காரணம் மனநோய் என்பதல்ல. டிஎம்எஸ்ஸுக்கு மருத்துவமனையில் அட்மிட் ஆவதில்லை, எங்கள் பாலிசியில் வெளிநோயாளிச் செலவு கிடையாது. கண், பல் எதற்குமே அந்த பாலிசியில் வெளிநோயாளிச் செலவு இல்லை, அதனால் சமத்துவம் பேசிச் சண்டை போடவும் இடமில்லை. சில கம்பெனிகளின் குரூப் பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவுக்கென்று ஓபிடி வரம்பு என்று ஒரு தொகை இருக்கும். வேலை பார்க்கும் இடத்தில் எச்ஆரிடம் கேளுங்கள், சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இரண்டு குழிகள். காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டிய நவீன சிகிச்சைகளின் பட்டியலில் 'டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்' இருக்கிறது. அது மூளைக்குள் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை. 'டீப் டிஎம்எஸ்' என்ற பெயரைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்று என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், எங்களுக்கு ஒருவர் அப்படித்தான் சத்தியம் செய்தார். அடுத்தது, "ஒரு நாள் அட்மிஷன் போட்டுக் காட்டிடலாம்" என்ற யோசனை. யார் சொன்னாலும் வேண்டாம். பொய்த் தகவல் என்று தெரிந்தால் பாலிசியே ரத்தாகும், அந்த பாலிசியில் உங்கள் அப்பா அம்மாவும் இருப்பார்கள்.

ஓபிடி வரம்பு இருந்தும் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

7. ஆறு வாரத்தைத் திட்டமிடுங்கள்

சிட்டிங் இருபது நிமிடம்தான், ஆனால் தினமும் போக வேண்டும். மதுரையிலிருந்து வாரம் ஐந்து நாள் போய் வர முடியாது. வெளியூர் என்றால் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். ஓசிடிக்காரருக்கு அறை தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு: பாத்ரூம். பொதுக் குளியலறை என்றால் முதல் நாளே பிரச்சினை. நாங்கள் தனி பாத்ரூம் கொண்ட அறை எடுத்தோம். பிறகு தெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே, "பொது பாத்ரூமே எடுத்திருக்கலாம், பயிற்சிக்கு ஆச்சு" என்றார்.

தீபாவளி, பொங்கல், வீட்டுக் கல்யாணம் எதுவும் குறுக்கே வராத ஆறு வாரமாகப் பாருங்கள். ஓரிரு நாள் விட்டுப்போனால் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள், ஒரு வாரம் விட்டுப்போகக் கூடாது. லீவுக்கு 'தினசரி சிகிச்சை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று சான்றிதழ் கேட்டால் தருவார்கள். நோயின் பெயர் இல்லாமல் எழுதித் தரும்படியும் கேட்கலாம்.

8. முதல் நாள்

தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். தோடு, ஹேர்பின், கழுத்தில் தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். பெண்கள் மூக்குத்தியை மறந்துவிடாதீர்கள். வருடக்கணக்காகக் கழற்றாத திருகு மூக்குத்தி என்றால் இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய்விடுங்கள். போனும் ஏடிஎம் கார்டும் அறைக்கு வெளியே. காதில் அடைப்பான் வைப்பார்கள், வைக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டெக்னீஷியன் தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, தம்பியின் மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டை எலும்பு வரை அளந்தார். பிறகு காதிலிருந்து காது. துணித் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு அதில் மார்க்கரால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிதான் அடுத்த 29 நாளுக்கும் அளவு, ஆகவே தொப்பியில் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஒருநாள் வேறொருவர் தொப்பியை மாட்ட வந்தார்கள், தம்பிதான் கண்டுபிடித்தான். சரிபார்க்கும் நோய்க்கு அன்று ஒரு பயன் இருந்தது.

அடுத்து அவரவர் மூளைக்கு எவ்வளவு வலு தேவை என்று பார்ப்பார்கள். சுருளை நகர்த்தி நகர்த்தித் துடிப்பு கொடுக்கும்போது கையின் கட்டைவிரல் தானாகத் துள்ளும். டீப் டிஎம்எஸ்ஸில் கால் அசைவைப் பார்ப்பார்கள். எந்த அளவில் துள்ளுகிறதோ அதை வைத்துத் தினசரி வலுவை முடிவு செய்வார்கள். இதை இடையிடையே மறுபடி அளக்க வேண்டும், மாத்திரை மாற்றினால் கண்டிப்பாக.

டீப் டிஎம்எஸ் முறையில் ஒவ்வொரு சிட்டிங்குக்கு முன்பும் நோயைக் கொஞ்சம் கிளறிவிடுவார்கள். எங்கள் இடத்தில் சாதாரணச் சுருளுக்கும் அதைச் செய்தார்கள். தம்பி தன் செருப்பின் அடியைத் தடவிவிட்டு, கழுவாமல் போய் நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் நாள் இரண்டு கையையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டியபடி, யாருக்கோ ஆரத்தி எடுக்கப் போவது போல நடந்து போனான். கூட இருப்பவர்களுக்கு ஒரே வேலைதான்: "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்லாமல் இருப்பது. ஆறுதல் சொன்னால் கிளறியது அடங்கிவிடும். நான் வாயை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

9. நடுவில் வரும் நாட்கள்

தலைவலி வரும், சுருள் வைத்த இடத்தில் தோல் வலிக்கும். எங்களுக்கு முதல் வாரத்தோடு போய்விட்டது. வலிக்கு என்ன மாத்திரை என்று அவர்களிடமே கேளுங்கள். தினமும் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முந்தின இரவு தூங்கவில்லை என்றால் உட்காரும் முன் சொல்லிவிடுங்கள், அன்று தள்ளி வைப்பதே நல்லது.

இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் கஷ்டம். பாதிப் பணம் போயிருக்கும், பலன் ஒன்றும் தெரியாது. பதினான்காவது சிட்டிங் முடிந்து வந்து, "அக்கா, ஊருக்குப் போயிடலாம்" என்றான். இருபதுக்கு மேல்தான் முதல் மாற்றம் தெரிந்தது, அதுவும் அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத்தான். வெளியே கிளம்பும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நான் காத்திருக்கும் நேரம் குறைந்திருந்தது. நோட்டில் தினமும் இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் கழுவினார், எத்தனை தடவை சரிபார்த்தார். ஞாபகத்தை நம்பினால் நம்பிக்கையும் ஏமாற்றும், சலிப்பும் ஏமாற்றும்.

மனம் ரொம்பக் கீழே போனால், உயிரை விடும் எண்ணம் வந்தால், அடுத்த சிட்டிங் வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு.

10. முடிந்த பிறகு

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? டீப் டிஎம்எஸ் பற்றி 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், நிஜச் சிகிச்சை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு ஒய்-பாக்ஸ் 30 சதவீதமாவது குறைந்தது. போலிச் சுருள் வைத்தவர்களில் அது 11 சதவீதம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது நிஜச் சிகிச்சைக்காரர்களில் 45 சதவீதம் ஆகியிருந்தது. அதாவது பாதிப் பேருக்கு மேல் அந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தம்பிக்கு 31 கடைசி நாளில் 21 ஆனது, ஒரு மாதம் கழித்து 19. இன்னும் நடுத்தர அளவில் நோய் இருக்கிறது. கை கழுவ 40 நிமிடம் ஆனது இப்போது பன்னிரண்டு.

கடைசி சிட்டிங் அன்று மூன்று தாள்களை வாங்காமல் வராதீர்கள்: எந்த இடம், எத்தனை துடிப்பு, என்ன வலு, எத்தனை சிட்டிங் என்ற சிகிச்சைச் சுருக்கம், முதல் நாள், கடைசி நாள் ஒய்-பாக்ஸ் தாள்கள், ஒரு மாதப் பரிசோதனைக்கான தேதி. நோய் திரும்பி, வேறு ஊரில் மறுபடி எடுக்க நேர்ந்தால் முதல் தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது வாரமே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களைக் காத்திருப்பு அறையிலேயே பார்த்தேன். இஆர்பியை இந்த நேரத்தில்தான் விடாமல் பிடிக்க வேண்டும். முன்பு ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாத பயிற்சியில் தம்பி இப்போது அரை மணி நேரம் உட்காருகிறான். வாரம் ஒரு முறை வீடியோ காலில் தெரபிஸ்டோடு செய்கிறான், ஒரு முறைக்கு 1,000 ரூபாய்.

"மெயின்டனன்ஸ் சிட்டிங்" என்று மாதா மாதம் வரச் சொல்வார்கள் சிலர். நோய் திரும்புவதாகத் தெரிந்தால் எடுப்பதில் அர்த்தம் உண்டு, சும்மா நேர்ந்துகொண்டது போல எடுக்க வேண்டாம் என்றார் எங்கள் டாக்டர். ஒய்-பாக்ஸ் 25-ஐத் தாண்டினால் வரச் சொல்லியிருக்கிறார். அணைத்தோமா என்று சரிபார்க்கத் தம்பி தன் போனில் எடுத்து வைத்திருந்த கேஸ் திருகு போட்டோக்களில் பாதியை அழித்துவிட்டான். மீதி 112 இருக்கிறது, எண்ணிச் சொன்னது அவன்தான்.